பொய் சொல்லாத தரை

ஃபூங் வெய் சியோங்குக்கு எந்த சப்வூஃபரும், அதாவது அடிச்சுரம் எழுப்பும் ஒலிபெருக்கிப் பெட்டி எதுவும், பிடிக்காது. இது அவர் ஊரான ஈப்போவில் மட்டுமல்ல, பினாங்கிலிருந்து ஜொகூர் வரை வீட்டுக்குள் தியேட்டர் கட்டி வைத்திருக்கும் அத்தனை பைத்தியங்களுக்கும் தெரியும். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை. கடையைச் சாத்தியதும், யாராவது கொடுத்தனுப்பிய பேஸ் பெட்டியை வீட்டின் பின்னறையில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது. பிறகு இணையத்தில் அதைக் கிழித்துத் தொங்கவிடுவது. ஒன்றை, கொழகொழத்த சோயாக் கட்டி என்ற பொருளில், ‘தோஃபு’ என்பார். இன்னொன்றை ‘சளி பிடித்த எருமை’ என்பார். சொந்த மச்சான் ஆசையாக வாங்கிய பெட்டியைக்கூட விடவில்லை. மச்சான் இரண்டு வருஷம் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கல்யாண வீட்டில் சுமாரான சாப்பாட்டை ஆகா ஓகோ என்று புகழ அவரால் முடியும். பேஸ் விஷயத்தில் மட்டும் அந்த வாய்க்கு ஒரு பொய் வராது. அதனால்தான் வயிறு எரிந்தாலும் எல்லோரும் அவரை சீஃபூ, அதாவது வாத்தியார், என்று கூப்பிட்டார்கள்.

கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "என் தரை பொய் சொல்லாது."

அதில் நியாயம் இருந்தது. மாடி வீடுகளில் தரை அந்தரத்தில் நிற்கிறது. அங்கே சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டியை வைத்தாலும் தரையும் சேர்ந்து குதிக்கும், நாற்காலி அதிரும், ஆள் சொக்கிப்போவான். ஃபூங்கின் பின்னறை அப்படியல்ல. மண்ணின்மேல் நேராக வார்த்த காங்கிரீட். எப்பேர்ப்பட்ட பெட்டியானாலும் அதன் அதிர்வை அடிமண் விழுங்கிவிடும். காதுக்கு வரும், நெஞ்சுக்கு வரும், காலுக்கு மட்டும் வராது. என்றைக்குக் காலுக்கு வருகிறதோ அன்றைக்கு முழு மதிப்பெண் போடுகிறேன் என்று அவர் சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப் போனது.

அந்த வருஷக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. வீட்டுக்குப் பின்னால், தெரு தாண்டி, பழைய ஈயச் சுரங்கக் குளத்தில் அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொல்லி மாதக்கணக்கில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் பகலும் இரவும் ஓடியது. முதலில் எல்லோரும் திட்டினார்கள், பிறகு பழகிப்போனார்கள்.

அப்படியொரு மழை நாளில்தான் கம்பாரிலிருந்து ருஸ்டி வந்தான். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுக் கையாலேயே சப்வூஃபர் செய்து விற்கிற பையன். பெண்டாட்டி திட்டுகிறாள், மாமனார் முகம் கொடுப்பதில்லை. ஃபூங் நல்லதாக ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், தலை நிமிர்ந்துவிடலாம் என்று வந்திருந்தான். கறுப்புப் பெட்டியை இருவருமாகத் தூக்கி மூலையில் வைக்கவே மூச்சு வாங்கியது.

ஃபூங் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் பதித்து உட்கார்ந்தார். ஒற்றைச் சுரத்தை மேலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்குவது அவருடைய சோதனை. முதலில் வண்டு மாதிரி உறுமும். பிறகு லாரி மாதிரி. பிறகு காது கைவிட்டுவிடும், காற்று மட்டும் நெஞ்சை அழுத்தும். பெரிய பெரிய பெட்டிகளெல்லாம் அங்கேதான் மூச்சு முட்டிச் சாகும்.

சுரம் இறங்கியது. காது கைவிட்டது. அப்போது ஃபூங்கின் குதிகாலில் ஏதோ ஊர்ந்தது.

"நிறுத்து! நிறுத்துடா!"

ருஸ்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னாச்சு அண்ணே? ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிருச்சா?"

"வாய மூடிக்கிட்டு மறுபடி போடு."

மறுபடி போட்டான். மறுபடி வந்தது. குதிகாலிலிருந்து கெண்டைக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறியது. ஃபூங் எழுந்தே நின்றுவிட்டார்.

"கால்ல ஏறுதுடா! காங்கிரீட்ல கால்ல ஏறுது! என்னடா பண்ணி வெச்சிருக்க நீ?"

"கிண்டல் பண்ணாதீங்க லா அண்ணே. நான் ஏற்கெனவே நொந்து போயிருக்கேன்."

"பேஸ் விஷயத்துல நான் என்னிக்குடா கிண்டல் பண்ணியிருக்கேன்?"

பையன் அழுதுவிட்டான். ஃபூங்குக்கும் கண் கலங்கியது. இத்தனை வருஷம் காத்திருந்தது வீண்போகவில்லை என்று அவ்வளவு சந்தோஷம். அன்றே எழுதினார்: ‘என் தரை பொய் சொல்லாது. இன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தது.’ முழு மதிப்பெண். இணையம் அல்லோலகல்லோலப்பட்டது.

அவர் மனைவி லாய் யின்னுக்கு மட்டும் இந்தக் கொண்டாட்டம் பிடிக்கவில்லை. பின்னறைச் சுவரோரம், தரையை ஒட்டி, நிலத்துச் சாமியின் சின்னச் சிவப்பு மாடம் இருந்தது. காலையில் ஊதுவத்தி ஏற்றப் போனவள் சாம்பல் கிண்ணம் ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதைப் பார்த்தாள். அடியில் அட்டை ஒன்றை மடித்து வைத்து நேராக்கினாள். சில நாள் கழித்து இன்னொரு அட்டை. அப்புறம் இன்னொன்று.

"ஏய் கிழவா, இங்க வந்து பாரு. சாமி சாய்ஞ்சுக்கிட்டே போவுது. கதவு வேற தரையில ஒரசுது. அவருக்கு உன் பொட்டி பிடிக்கல."

"சாமிக்கே ஆட்டம் வருதுன்னா பாத்துக்கோ! ருஸ்டி கைய வெச்சா சும்மாவா?"

"சிரி, நல்லா சிரி. எனக்கு இது நல்லதா படல."

மாடத்துக்கும் பெட்டிக்கும் நடுவே தரை ஓடுகளில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. வேறு யாராயிருந்தாலும் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார்கள். நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? படமெடுத்து இணையத்தில் போட்டார். ‘தரை ஓடுகளையே பிளந்த பேஸ்!’ நூற்றுக்கணக்கானோர் கைதட்டினார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. அத்தனை பேரில் ஒருவனுக்காவது உறைக்க வேண்டாமா?

பெட்டியை நேரில் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் வந்தது. பின்னறை நிறைய நாற்காலி. தம்பூன் பம்ப்ளிமாஸை உரித்து வைத்து, நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களை அடுக்கியிருந்தாள் லாய் யின். ருஸ்டி புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். பினாங்கிலிருந்து பல் டாக்டர் ஊய் பெங் சூ வந்திருந்தார். ஃபூங் ‘தோஃபு’ என்று எழுதிய பெட்டி அவருடையதுதான். அதையும் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"சீஃபூ, ஒரு சின்ன வெளையாட்டு. ரெண்டு பொட்டியையும் கறுப்புத் துணியால மூடிடுவோம். எது ஓடுதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். கால்ல ஏறுச்சுன்னா கைய தூக்குங்க. சம்மதமா, இல்ல பயமா?"

"உங்க தோஃபுவுக்கு நான் ஏன் பயப்படணும்?" என்றார் ஃபூங். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் சுரம் இறங்கியது. எல்லாக் கையும் உயர்ந்தது. இரண்டாவது இறங்கியது. மறுபடி எல்லாக் கையும் உயர்ந்தது. ஃபூங்குக்கு லேசாக நெருடியது. தோஃபு எப்படிக் காலில் ஏறும்? யோசிப்பதற்குள் மூன்றாவது சுற்று. இந்தத் தடவை காதுக்கு எதுவுமே கேட்கவில்லை, காலில் மட்டும் மெல்ல ஊர்ந்தது. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. அவர் கையும்தான்.

பெங் சூ துணிக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் இரண்டு பெட்டிகளின் பிளக்குகளும் தொங்கின.

"இந்தத் தடவ ரெண்டுலயும் கரண்டே இல்ல! ஒண்ணுமே ஓடல! எந்தப் பேய் உங்க கால சொறியுது சீஃபூ?"

கூரை பிய்த்துக்கொள்ளும்படி சிரிப்பு. கைகள் வெட்கத்தோடு இறங்கின. ஃபூங்கின் கை இறங்கவில்லை. காலில் ஊர்வது நிற்கவில்லையே!

அது மோட்டார். குளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார். மாதக்கணக்கில் ஓடுகிறது, ஒரு நாளும் இந்த அறைக்கு வந்ததில்லை. அடிமண் விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது வருகிறதென்றால், விழுங்குவதற்கு அடியில் மண் இல்லை. தண்ணீரோடு போய்விட்டது. இந்தக் காங்கிரீட் மேளத்தோல் மாதிரி அந்தரத்தில் நிற்கிறது. அதன்மேல் நாற்காலி போட்டு இத்தனை பேரை உட்காரவைத்து, மூலையில் இரண்டு ராட்சசப் பெட்டிகளையும் வைத்திருக்கிறோம்.

ஃபூங் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தார். சாய்ந்த மாடம், உரசும் கதவு, உலகத்துக்கே பீற்றிக்கொண்ட அந்த விரிசல். தரை பொய் சொல்லவில்லை. முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. இவர்தான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"எல்லாரும் எந்திரிங்க. வெளிய போங்க. தரைக்கு அடியில வெத்துக் குழி."

"தோத்துட்டா தரை மேல பழியா சீஃபூ?" என்றான் ஒருவன்.

"சத்தியமா சொல்றேன்யா!"

"பாருங்க, ஒண்ணும் ஆகல!" என்று இன்னொருவன் எழுந்து நின்று தொம் தொம்மென்று குதித்துக் காட்டினான். ஃபூங்குக்கு உயிரே போய்வந்தது.

லாய் யின்னை மட்டும் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து சாமியின் சாம்பல் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரையும் கிளப்ப வெளியே நடந்தாள். ஆனால் இந்தக் கூட்டத்தை எப்படிக் கிளப்புவது? பயம் காட்டினால் சிரிக்கிறார்கள். இவர்களுக்கு இந்த வீட்டில் என்ன வேண்டும்? அது அவருக்குத் தெரிந்தது. பேஸ் விஷயத்தில் அந்த வாய் பொய் சொன்னதில்லை. ஆனாலும் சொன்னார்.

"சரி, ஒத்துக்கறேன். நான் தோத்துட்டேன். பெங் சூ பொட்டிதான் நல்ல பொட்டி. ருஸ்டி பொட்டி குப்பை. நான் எழுதினது அத்தனையும் பொய். வாங்க, ரோட்ல எல்லார் முன்னாடியும் காதைப் பிடிச்சு மன்னிப்பு கேக்கறேன். வீடியோ எடுத்துப் போடுங்க."

சீஃபூ மன்னிப்புக் கேட்பதா! இதை விட்டால் இந்த ஜென்மத்தில் கிடைக்குமா? பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். பெங் சூதான் முதல் ஆள்.

ஃபூங் சாலையின் அந்தப் பக்கம் வரைக்கும் அவர்களைத் தள்ளிக்கொண்டே போனார். திரும்பி முகங்களைப் பார்த்தார். புதுச் சட்டையைக் காணோம்.

ஓடினார். பின்னறை வாசலில் வந்து நின்றார். ருஸ்டி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ருஸ்டி, வெளிய வாடா! அதெல்லாம் அவங்கள வெளிய கொண்டு வரத்தான் சொன்னேன்!"

"குப்பைய எடுத்துக்கிட்டு வர்றேன் அண்ணே. உங்க வீட்ல எதுக்கு கெடக்கணும்?"

"தரை உள்வாங்கப் போகுதுடா! பொட்டிய விடு!"

"இப்ப தரையா?" பையன் திரும்பினான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அன்னிக்கு நல்ல பொட்டின்னீங்க. இன்னிக்கு குப்பைன்னீங்க. எது பொய்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, இப்பவே வந்துடறேன். பொட்டி நல்லா இருக்கா, இல்லையா?"

நல்லா இருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஃபூங்குக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் காலில் ஏறியது பெட்டியா, பள்ளமா? இந்தப் பெட்டியை நல்ல தரையில் வைத்து அவர் கேட்டதே இல்லை. ஊரையே வெளியேற்ற ஒரு பொய் சொன்ன வாய், இதற்கு ஒரு நொடி தயங்கியது.

அந்தத் தயக்கத்தை ருஸ்டி பார்த்துவிட்டான். தலையை ஆட்டிக்கொண்டு குனிந்து, தன் பெட்டியைத் தனியாளாகவே இரண்டு கையாலும் தூக்கினான்.

தரை பையனோடும் பெட்டியோடும் உள்ளே போனபோது, தெருவில் நின்றவர்கள் சத்தம் கேட்டதாகச் சொல்லவில்லை. உள்ளங்காலில் ஏறியது என்றார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை.

பொம்பா எனும் தீயணைப்புப் படையின் வண்டி வந்தது. குளத்து மோட்டாரை நிறுத்தினார்கள். தண்ணீரும் சேறுமாக இருந்த குழிக்குள் கயிறு கட்டி ஆள் இறங்கினார்கள், வெறுங்கையோடு ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள். ஃபூங்கை வாசற்படியிலிருந்து இழுத்துக்கொண்டு வருவதே பெரும்பாடாகிவிட்டது. அவர் குழியைப் பார்த்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்ல பொட்டிடா தம்பி. ரொம்ப நல்ல பொட்டி. வந்துடு."