மெதுவான கணினி தேவை

என் வேலையை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது. கொழும்பில் ஒரு சின்னக் கம்பனி, கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறது. செய்கிறவர்களிடம் இருப்பதெல்லாம் பறக்கிற புதுக் கணினிகள். வாங்குகிற கடைகளில் இருப்பவையோ அரைக் கிழடுகள். ஆகவே ஒவ்வொரு புதுப் பதிப்பையும் முதலில் தேற்றாத்தீவில், என் வீட்டில், இரண்டு ஜீபி ராம் உள்ள என் பழைய கணினியில் ஓட்டிப் பார்ப்போம். அதில் திணறினால் வெளியே விடமாட்டார்கள். என் திறமைக்காக வேலை தந்தார்களா, கணினியின் இயலாமைக்காகத் தந்தார்களா என்று நான் கேட்டதில்லை.

அந்தக் கணினியில்தான் அக்காவின் கணவர் உதயரூபன் அத்தான் தன் அன்பைக் காட்டினார். கட்டாரிலிருந்து லீவில் வந்த மனுசன், நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அதைக் கழற்றி, எட்டு ஜீபி ராமும் புது டிஸ்க்கும் போட்டுவிட்டார்.

"இப்ப போட்டுப் பார் விது, குதிரை!"

போட்டேன். குதிரைதான். இனி எதை ஓட்டினாலும் இதில் திணறாது. புதுப் பதிப்புக்கு மறுநாள் முடிவு சொல்ல வேண்டும்.

"பழைய ராம் எங்க அத்தான்?"

"துளை போட்டு மோட்டார்சைக்கிளுக்குக் கீ டேக் ஆக்கிட்டன். வடிவா இருக்கு, பார்."

பழைய டிஸ்க்கை அப்பா பிரித்து, உள்ளே மினுங்கிய தட்டுகளைக் குருவி விரட்ட வட்டையில் கட்டிவிட்டாராம். என் பிழைப்பு வயலில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

வேகம் குறையட்டும் என்று, இரண்டாகப் போட்டிருந்த புது ராமில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். சனியன், அப்போதும் பறந்தது. 'சரி' என்று எழுதி அனுப்ப அதிக நேரமாகாது. ஆனால் நாளைக்கு நாடெல்லாம் கடைகளில் பில் நின்றால் என் சீட்டுக் கிழியும். கணினி வேகமாகிவிட்டது என்று உண்மையைச் சொன்னாலும் சீட்டுக் கிழியும். அழுதேவிட்டேன்.

"அழாத புள்ள. ஸ்லோவான கொம்பியூட்டர்தானே? ஊர் முழுக்கக் கிடக்கு" என்று அத்தான் என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

ஊர் முழுக்கக் கிடந்தது. ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டோக்கொப்பிக் கடையில், "எங்கட கொம்பியூட்டர் ஸ்லோ எண்டு ஆர் சொன்னது?" என்று சண்டைக்கு வந்தார்கள். கணினி திருத்துகிறவர் அத்தானைத் தனியே கூப்பிட்டு, எனக்கு ஏதும் சுகமில்லையா என்று விசாரித்தார்.

கடைசியில் காத்தான்குடியில் ஒரு புடவைக்கடையில்தான் கண்டேன். பில் மேசைக்கு முன்னால் சனம் நிற்கிறது. திரையில் வட்டம் சுற்றுகிறது. முதலாளி முகைதீன்பாவா நானா, "கொஞ்சம் பொறுங்க, வந்துரும்" என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறார். எட்டிப் பார்த்தால், எங்கள் கம்பனியின் மென்பொருள்தான்! எனக்கு அந்தக் கணினியில் காதலே வந்துவிட்டது.

"நானா, மெசின் ஸ்லோவா?"

அவர் தலையைக் குனிந்தார். "பழசு மகள். கம்பனிக்கு அடிச்சுக் கேட்டா, மெசினை மாத்துங்க எண்டுதான் ஒவ்வொருக்காவும் சொல்றானுகள். ஆக்களுக்கு முன்னால வெக்கமாக் கிடக்கு."

"அந்தக் கம்பனி ஆள்தான் நான்."

அவர் முறைத்த முறையில் அத்தான் என் பின்னால் ஒதுங்கினார். நான் வந்த காரியத்தைச் சொல்லி, பழைய பதிப்பைத் தொடாமல் புதியதைப் பக்கத்தில் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"போடுங்க. இதுக்கு மேல என்ன கெட்டுப்போகப் போகுது?"

போட்டேன். நானா எடுப்பித்த பிளேன்ரீயைக் குடித்து முடித்தோம். வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. மறுகா அதுவும் நின்றுவிட்டது. இருந்த நினைவகம் முழுவதையும் புதுப் பதிப்பு ஒற்றையாளாக விழுங்கியிருந்தது.

உடனே எங்கள் முதலாளி ஷிஹான் சேருக்குப் போன் அடித்தேன். நானாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, என் கணினி கெட்டுப்போன கதையையும் இங்கே நடந்ததையும் சொன்னேன்.

"அது கடைக்காரர்ட மெசின் பழசாயிருக்கும். மாத்தச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை போனால் போகட்டும். "மெசின் காலையில இருந்து ஓடுது சேர். எங்கட பழைய புரோகிராமும் இதில திணறுது, புதுசு நிண்டே போச்சு. பிழை எங்கட. இதை வெளியில விட நான் சரி சொல்லமாட்டன்."

அவர் அங்கே யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "சரி, நிப்பாட்டுவம். இனி அவர் ஓமெண்டா அந்தக் கடையிலயே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்குப் போன உயிர் வந்தது. நானா வரிசையில் நின்ற சனத்தைப் பார்த்து, "கேட்டீங்கதானே? பிழை அவங்கட!" என்று கடை அதிரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பியபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"எத்தின வருசமா இதுக்காக ஆக்களிட்ட மாப்புக் கேக்கிறன் மகள். என்ட பிழையில்ல எண்டு இண்டைக்குத்தான் ஒரு ஆள் சொல்லிருக்கு."