ஊசி போட்ட புஜம்

வியாழக்கிழமை மத்தியானம், வேலை பார்க்கும் வார்ப்பட ஆலையின் வாசலில் போட்டிருந்த பந்தலில் சர்ஜேராவ் ஊசி போட்டுக்கொண்டான். சாயங்காலம் அவன் குஸ்தி பழகும் தாலீமுக்குள் நுழைவதற்கு முன்பே சேதி அங்கே போய் உட்கார்ந்திருந்தது. கோலாப்பூரில் சேதிக்குக் கால் அதிகம்.

"ஞாயித்துக்கிழமை கோயில் ஜாத்திரையில குஸ்தி. வியாழக்கிழமை ஊசியா? உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்றார் ஜோதிராம். தாலீமில் மூத்த பயில்வான் அவர். அவர் சொன்னால் அங்கே பழகும் பதினெட்டுப் பேரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

"போன வருஷம் பாண்டபாவும் ஜாத்திரை முடியட்டும்னுதான் சொன்னான் அண்ணே."

பாண்டபா அவனுடைய ஜோடி. ஆறு வருடம் விடியற்காலையில் இருவரும் ஒரே மண்ணில் கட்டிப் புரண்டவர்கள். ஊசி போடுவதற்குள் கொரோனா வந்து இருபது நாள் மூக்கில் குழாயோடு கிடந்தான். இப்போது வீட்டு மாடிப்படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறான். வயது இருபத்தாறு.

"நம்ம களத்து மண்ணுல மோர் ஊத்தி, மஞ்சள் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கு. எந்த நோய்டா அண்டும்? ஊசி போட்டா நரம்பு தளர்ந்துரும். பத்து வருஷம் பாலும் பாதாமுமா ஏத்துன பலம் ஒரு சொட்டு மருந்துல இறங்கிரும்" என்றார் ஜோதிராம்.

"பாண்டபா வேற மண்ணுலயா உருண்டான்?"

ஜோதிராம் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இவனோட ஒருத்தனும் களத்துல இறங்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். "ஞாயித்துக்கிழமை இவன் மல்லாந்து விழுறதை எல்லாரும் பாருங்க. அப்புறம் ஊசின்னு எவனாவது வாயைத் திறக்கிறானான்னு பார்ப்போம்."

தோற்றால் தன்னோடு போகாது என்பது சர்ஜேராவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவன்கூட ஊசிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் அடித்தது. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். சனிக்கிழமை எழுந்து தாலீமுக்குப் போய்த் தனியாகத் தண்டால் எடுத்தான். பாண்டபா வந்து களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பார்த்தான்.

"இடது கையிலயா போட்டுக்கிட்ட? மடையா!"

"எந்தக் கையால சாப்பிடுவீங்கன்னு நர்சம்மா கேட்டுச்சு. வலதுன்னேன். அப்போ இடதைக் காட்டுங்கன்னுச்சு, காட்டிட்டேன்."

"நாளைக்கு எந்தப் புஜத்துல தட்டுவ?"

சர்ஜேராவ் திருதிருவென்று விழித்தான். மைதானத்தில் இறங்குகிற பயில்வான் வலது உள்ளங்கையால் இடது புஜத்தில் ஓங்கித் தட்டித்தான் சவால் விடவேண்டும். சவாலை ஏற்றுத் தன் புஜத்தைத் தட்டாமல் தலையைக் குனிகிறவன், பிடிக்கு முன்பே தோற்றவன். ஊசி போட்ட இடமோ எலுமிச்சம்பழம் கணக்காக வீங்கியிருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாண்டபாவின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பறை அதிர்ந்தது. எதிராளி சாங்கலி ஊர்க்காரன், பெயர் நிவ்ருத்தி. அவன் புஜத்தைத் தட்டியதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்து சர்ஜேராவின் முறை.

"தொடையில தட்டிக்கடா, கை வலிக்கப் போகுது!" என்று அவன் தாலீம்காரனே ஒருவன் கத்தினான்.

சர்ஜேராவ் கையை உயர்த்தி, வீங்கிய இடத்திலேயே ஓங்கி ஒன்று வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

பிடி பதினோரு நிமிடம் நீண்டது. ஒரு கட்டத்தில் நிவ்ருத்தியின் கால் சர்ஜேராவின் கைக்குள் வந்துவிட்டது. ஆனால் தன் தலையை எதிராளியின் விலாவோடு ஒட்டவைக்காமல் சர்ஜேராவ் வெளியே விட்டுவிட்டான். நிவ்ருத்தி அந்தக் கழுத்தைப் பிடித்துச் சுழற்றினான். மறுகணம் சர்ஜேராவுக்கு வானம் தெரிந்தது, முதுகில் மண் ஒட்டியது.

"பார்த்தீங்களாடா ஊசியோட லட்சணத்தை!" ஜோதிராமின் குரல் மைதானம் முழுக்க ஒலித்தது.

கை கொடுத்துத் தூக்கிவிட்ட நிவ்ருத்தி, "எந்த ஊசிங்க?" என்றான்.

"கொரோனா ஊசி. மூணு நாளாச்சு."

"அதுக்கா இந்தக் கத்து கத்துறாரு? நான் ரெண்டும் போட்டாச்சு. எங்க தாலீம்ல போடாதவனை மண்ணுலயே இறக்கமாட்டாங்க."

முன்வரிசையில் இருந்த பதினெட்டுப் பேருக்கும் அது கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சர்ஜேராவுக்குத் தோற்ற அவமானத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. நேராக ஜோதிராம் முன்னால் போய் நின்றான்.

"தோத்தேன் அண்ணே. தலையை வெளியில விட்டேன், அது என் தப்பு. அதைத் தூக்கி ஊசி மேல போடாதீங்க. உங்க பேச்சைக் கேட்டுத்தான் பாண்டபா காத்திருந்தான். அந்தா நிக்கிறான், அவன் மூச்சைத் திருப்பிக் குடுங்க பார்ப்போம். மூணு மாசம் கழிச்சு அடுத்த ஊசியும் போடுவேன், இதே கையில. பலம் போயிருச்சுன்னா இப்பவே இறங்குங்க. பிடிச்சுப் பார்த்துருவோம்."

சொல்லிவிட்டு, மண் ஒட்டிய உள்ளங்கையால் அதே இடது புஜத்தில் மறுபடியும் ஓங்கித் தட்டினான்.

பறை நின்றுவிட்டது. பதினெட்டுப் பேரும் ஜோதிராமின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இடுப்புவரை உயர்ந்து, அங்கேயே நின்றது.

ஜோதிராம் தலையைக் குனிந்தார்.