சூனியக்காரிக்கு எந்த முகம்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவளை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள், கட்டின புருஷன் உட்பட. தனியார் பள்ளி ஒன்றில் சின்ன வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறவள். இளையவள் எல்லோருக்கும் சின்னவள். டீச்சருக்கு மட்டும் பாம்பு.

அந்தப் பெயர் வந்தது சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில். மாமனாரைப் பார்க்க நாலைந்து பேர் வந்திருந்தார்கள். புது மருமகள் தட்டை நீட்டி, கொஞ்சம் நாகரிகமாக இருக்கட்டுமே என்று, "ஸ்னேக்ஸ் எடுத்துக்குங்க" என்றாள். ஸ்நாக்ஸ் என்று சொல்ல வந்தது, பதற்றத்தில் வாய் குழறிவிட்டது. வந்தவர்களில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. டீச்சர் விடவில்லை. சோபாவில் சரிந்து விழுந்து சிரித்தாள்.

"மாமா, நம்ம வீட்டுக்குப் பாம்பு பரிமாற ஆள் வந்தாச்சு!"

சின்னவள் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு தினமும் அந்தப் பெயர் காதில் விழுந்தது. "பாம்பு குளிச்சாச்சா? பாத்ரூம் காலியா?"

சின்னவளும் சும்மா இருக்கிற ரகம் இல்லை. வீட்டுக்குக் கீழேயே மாமனாரின் அச்சகம். அவள் புருஷன்தான் அங்கே மெஷின் ஓட்டுகிறவன். அவனுக்கு டீ கொண்டு போகிற சாக்கில் கீழே இறங்கி, டீச்சர் மூக்கால் பேசுகிற இங்கிலீஷைப் பைண்டிங் செய்யும் பெண்களுக்கு நடித்துக் காட்டுவாள். இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தலையைச் சாய்த்து, "ஸிட்-டௌ-ன்" என்று இழுப்பாள். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிப்பு படியேறி மேலே போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே அடுப்பில், ஒருத்தி முதுகை ஒருத்தி பார்த்துச் சமைத்தார்கள்.

இப்படியிருக்க, டீச்சரின் பள்ளியிலிருந்தே அச்சகத்துக்கு ஒரு வேலை வந்தது. ஓசையில் ஒத்துவரும் இங்கிலீஷ் சொற்கள், பக்கத்துக்கு மூன்று. ஒவ்வொன்றுக்கும் தமிழில் அர்த்தம், ஒரு வாக்கியம், ஒரு படம். மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பெரியவ எழுதட்டும், சின்னவ வரையட்டும். வெளியாள் எதுக்கு? நம்ம வீட்டு வேலை, வீட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்" என்றார்.

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று மூடிக்கொண்டாள்.

சின்னவளுக்குப் படம் வரையக் கை நன்றாக வரும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வந்தது அது ஒன்றுதான். இங்கிலீஷில் தவறிப் படிப்பு நின்ற பிறகும், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் கொஞ்ச காலம் வேலை செய்திருக்கிறாள். வெள்ளைத் தாளைக் கண்டால் அவள் கை தானாக நகரும். ஆசையோடுதான் உட்கார்ந்தாள்.

டீச்சர் எழுதுவதை மேலே கொண்டுபோய்ச் சின்னவளிடம் கொடுத்து, படத்தை வாங்கிக் கீழே கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை கம்ப்யூட்டர்காரருக்கு. அச்சகத்தில் பல வருஷமாக இருப்பவர், யாரிடமும் முகம் முறிக்காதவர். ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு பெண்களுக்கும் நடுவே அவர்தான் தபால்காரர்.

கேட், பேட், ஹேட் ஒழுங்காகப் போயிற்று. பென், ஹென், டென்னும் போயிற்று. அடுத்து கேக், லேக், ஸ்னேக். சின்னவள் தாளை வாங்கிப் படித்தாள். கேக்: இனிப்பு அப்பம். லேக்: ஏரி. ஸ்னேக்: பாம்பு, விருந்தாளிகளுக்குப் பரிமாறக் கூடாதது.

அவளுக்கு உச்சந்தலையில் சுள்ளென்றது. தாளை எடுத்துக்கொண்டு நேரே மாமனாரிடம் போனாள்.

"மாமா, இதைப் பாருங்க. புஸ்தகத்துல எழுதுற அர்த்தமா இது?"

அவர் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாத்தானே இருக்கு! பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே படிக்கும். எல்லாத்தையும் மனசுல வச்சுக்கிட்டிருந்தா எப்படிம்மா?"

திரும்பி வந்து பாம்பை வரைந்தாள். மிகவும் சாதுவான, அழகான பாம்பு. கோபத்தை அதில் செலவு செய்ய அவளுக்கு மனசில்லை. அடுத்த தாளுக்காகக் காத்திருந்தாள்.

அடுத்த தாளில் விட்ச், டிட்ச், பிட்ச். விட்ச்: சூனியக்காரி. டிட்ச்: பள்ளம். பிட்ச்: கிரிக்கெட் ஆடுகளம். சின்னவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

சூனியக்காரி பள்ளத்தில் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தாள். துடைப்பம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மூக்கு நுனியில் வட்டக் கண்ணாடி. உச்சியில் இறுக்கி முடிந்த கொண்டை, அதில் செருகிய பேனா. இடது புருவத்துக்கு மேலே மிளகளவு மச்சம். வாய் மட்டும், யாரையோ திருத்துவதற்காகத் திறந்தபடி இருந்தது. அதைப் பார்த்த கம்ப்யூட்டர்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கீழே போனார்.

புரூஃப் டீச்சர் கைக்குப் போன சிறிது நேரத்தில் மறுபடி படியேறி வந்தார்.

"படத்தை மாத்தணுமாம்."

"என்ன குறையாம்?"

"முகம் சரியில்லைன்னு..."

"சூனியக்காரிக்கு எந்த முகம் பொருத்தம்னு அவங்களையே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. போட்டுத் தர்றேன்."

பதில் வந்தது, அடுத்த தாளாக. ஃபெயில், டெயில், நெயில். டெயில்: வால். நெயில்: ஆணி, நகம். ஃபெயில்: தேர்ச்சி பெறாமல் போவது. கீழே இங்கிலீஷில் ஒரு வாக்கியம். சின்னவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். என் சித்தி இங்கிலீஷில் மூன்று தடவை ஃபெயில் ஆனாள் என்று அதற்கு அர்த்தம்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, டீச்சரின் அறைக் கதவை அவள் தள்ளித் திறந்தாள்.

"நான் ரெண்டு தடவைதான் ஃபெயில்!"

டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "உன்னைன்னு யார் சொன்னா? ஊர்ல எத்தனையோ சித்தி இருக்காங்க."

"இருக்காங்க. ஆனா உங்களுக்கு எழுத வந்தது ஒரே ஒரு சித்திதான்."

"அப்போ அந்தச் சூனியக்காரி யாரு?"

"பொருத்தமா இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "இங்க பாரு. நான் படிச்சு, பரீட்சை எழுதி, வேலை வாங்கி, நாலு பேர் மிஸ்ஸுன்னு கூப்பிடுற அளவுக்கு வந்திருக்கேன். உனக்கு என்ன தெரியும்? பூனைக்கு மீசை போடத் தெரியும்."

"அந்த மீசை இல்லேன்னா உங்க பூனையை ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்காது அக்கா. வெறும் எழுத்தை யார் பார்ப்பா? உங்க கிளாஸ்ல பிள்ளைங்க பயத்துல உட்கார்ந்திருக்கு. ஆசையில இல்ல."

டீச்சரின் முகம் வெளுத்தது. எழுந்து வந்து சின்னவளின் முகத்துக்கு நேரே கதவை அறைந்தாள். சத்தம் கேட்டு மாமனார் ஓடி வந்தார். இருவரின் புருஷன்மாரும் வந்தார்கள், வந்து அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாமனார் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "இது பிள்ளைங்க படிக்கிற புஸ்தகம். உங்க சண்டையைக் கொண்டு வந்து இதுல கொட்டுவீங்களா? பெரியவளே, அந்த வாக்கியத்தை எடு. சின்னவளே, மூஞ்சியை மாத்து. நாளைக்கு எனக்கு ரெண்டும் வேணும்."

இருவரும் செய்தார்கள். சின்னவள் புதிதாக ஒரு சூனியக்காரியை வரைந்தாள். யார் ஜாடையும் இல்லாத, நீள மூக்குக் கிழவி. டீச்சர் ஃபெயிலுக்கு வேறு வாக்கியம் எழுதினாள். மாமனார் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அடுத்த வேலைக்குக் காகிதம் வாங்க வெளியூர் கிளம்பினார்.

அத்தோடு முடிந்திருக்கும். அட்டை வந்து கெடுத்தது.

சின்னவள் டீ கொண்டுபோனபோது கம்ப்யூட்டர் திரையில் அட்டை இருந்தது. அவள் வரைந்த பூனையும் கோழியும் பாம்பும் கைகோத்து ஆடின. கீழே, எழுதியவர் என்று டீச்சரின் முழுப் பெயர், படித்த பட்டங்களோடு. சின்னவள் அட்டையை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அவள் பெயர் எங்கேயும் இல்லை.

"என் பேர்?"

கம்ப்யூட்டர்காரர் விசைப்பலகையைப் பார்த்தே பேசினார். "போட்டிருந்தேன்மா. டீச்சர்தான் எடுக்கச் சொன்னாங்க. படம் போடுறவங்க பேரையெல்லாம் அட்டையில போடுற வழக்கமில்லையாம்."

சின்னவள் டீயை வைத்தாள். மேலே போனாள். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்த பழைய சூனியக்காரியை எடுத்துக்கொண்டு வந்தாள். மூக்குக் கண்ணாடி, கொண்டை, மச்சம், எல்லாம் அப்படியே.

"இதுதான் கடைசியாத் திருத்தினது. இதையே போடுங்க."

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மாமாவுக்கு..."

"மாமாதான் சொன்னார்."

அச்சு ஓடியது. சின்னவளின் புருஷன் தாள் தாளாகச் சூனியக்காரியை அச்சடித்துத் தள்ளினான். மையின் அடர்த்தி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தான்.

புத்தகங்கள் பள்ளிக்குப் போன அன்று டீச்சர் புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். வகுப்பில் தன் கையாலேயே விநியோகித்தாள். முன்வரிசையில் ஒரு சிறுமி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நின்றாள். படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு உண்மையான கவலையோடு கேட்டாள்:

"மிஸ், நீங்க ஏன் பள்ளத்துல விழுந்தீங்க?"

வகுப்பு முழுக்கப் பக்கம் புரட்டும் சத்தம். அப்புறம் சிரிப்பு. டீச்சர் மேஜையைத் தட்டினாள், அதட்டினாள். அதட்டத் திறந்த வாய் அச்சு அசலாகப் படத்தில் இருந்த வாய் மாதிரியே இருந்ததால் சிரிப்பு இன்னும் கூடியது. பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். தலைமையாசிரியை வந்து ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போனாள். அந்த மௌனம்தான் டீச்சருக்கு எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னவள் அச்சகத்தில் நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் புத்தகத்தை அவள் மார்பில் விட்டெறிந்தாள்.

"சந்தோஷமா?"

"ரொம்ப" என்றாள் சின்னவள். "பேர் போடலைன்னாலும் ஆளை அடையாளம் தெரியுதுல்ல?"

"தெரியுது. உன்னையும் தெரியும். நெயில் பக்கத்தைப் புரட்டிப் பாரு."

டீச்சரின் குரலில் இருந்த நிதானம் சின்னவளைச் சுருக்கென்று குத்தியது. குனிந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். ஃபெயில், டெயில், நெயில். என் சித்தி இங்கிலீஷில் மூன்று தடவை ஃபெயில் ஆனாள். பழைய வாக்கியம், ஒரு புள்ளி மாறாமல்.

இருவரும் சேர்ந்தாற்போல் கம்ப்யூட்டர்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ரெண்டு பேருமே மாமா சொன்னார்னுதான் குடுத்தீங்க. ரெண்டு பேரும் முதலாளி வீட்டு ஆளுங்க. நான் யார் பேச்சைத் தட்டுவேன்?"

"ரெண்டு தடவைன்னு சொன்னேன்ல?" என்றாள் சின்னவள். "அன்னைக்கு உன் முகத்துக்கு நேரா கத்திச் சொன்னேன்ல? பொய்யின்னு தெரிஞ்சே மூணுன்னு போட்டிருக்கே."

முதல் தடவையாக அக்கா போய் நீ வந்திருந்தது.

"மூணுதான் காதுக்கு நல்லாயிருந்துச்சு" என்றாள் டீச்சர்.

சின்னவள் அறைய ஓங்கிய கையை அவள் புருஷன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

பள்ளி எல்லாப் பிரதிகளையும் திருப்பி அனுப்பியது. இரண்டு தாளையும் மாற்றித் தந்தால் போகட்டும், இல்லையென்றால் இனி இந்த அச்சகத்தின் பக்கம் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டது. மாமனார் ஊரிலிருந்து வந்து, கட்டுக் கட்டாகக் குவிந்திருந்த புத்தகங்களின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு பைண்டிங் பெண்களுக்கு விடுமுறை கொடுத்து அனுப்பினார்.

"நீங்க ரெண்டு பேரும் உட்காருங்க" என்றார் மருமகள்களிடம். "கெடுத்தவங்கதான் சரிபண்ணணும்."

நீள மேஜையின் இரு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தப்பான தாளைப் புத்தகத்தின் முதுகோரம் ஒரு விரற்கடை விட்டு வெட்ட வேண்டும். அந்த ஓரத்தில் பசை தடவிப் புதுத் தாளை ஒட்ட வேண்டும். வெட்டுவது டீச்சர், ஒட்டுவது சின்னவள். கத்தி விழும் சத்தம் மட்டும் கேட்டது. சூனியக்காரி வரும்போதெல்லாம் டீச்சர் கத்தியைத் தேவைக்கு மேல் அழுத்தினாள். மாமனார் கதவருகே நாற்காலி போட்டுக் காவல் இருந்தார்.

மூன்றாம் நாள், கத்தியை நிறுத்தாமலே டீச்சர் சொன்னாள்.

"நாங்க தனியா போறோம். வீடு பார்த்தாச்சு."

"எப்போ?"

"பத்து நாள்ல."

"சீக்கிரம் போனா நல்லது" என்றாள் சின்னவள். பசைத் தூரிகையை அடுத்த ஓரத்தில் இழுத்தாள்.

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வார்த்தையாவது, ஒப்புக்காவது, ஏன் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்திருப்பாள்போல. சின்னவள் கேட்கவில்லை. மறுநாள் மாமியார் அழுதாள். மாமனார் பெரிய மகனைத் தனியே கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

சாமான் ஏற்ற வேன் வந்த அன்று சின்னவள் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. டீச்சர் மாமியாரிடம் சொல்லிக்கொண்டாள், மாமனாரிடம் சொல்லிக்கொண்டாள். சமையலறை வாசலில் அவள் நிழல் ஒரு கணம் நின்றது. சின்னவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. நிழல் போயிற்று. வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

வேன் தெருமுனை திரும்பியதும் சின்னவள் கையைக் கழுவினாள். காலியான அந்த அறைக்குள் போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். நல்ல வெளிச்சம் வந்தது. தன் மேஜையை, புருஷனைக்கூடக் கூப்பிடாமல், தானே நடை வழியாக இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் போட்டாள். மேஜைக் கால்கள் தரையைக் கீறிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. கூடத்தில் மாமியார் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கேவாடி?" என்றாள்.

"இன்னைக்கேதான்" என்றாள் சின்னவள்.