இரட்டையர் தட்டில் இரண்டாவது முட்டை

நாட்டுக்காக எழுபத்தொரு கால்பந்து ஆட்டம் ஆடியவன், சொந்தப் பேரில் ஒன்றுகூட ஆடவில்லை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அக்குவேட்டேவுக்கு வரவில்லை.

அக்கா அக்வெலேயும் அவனும் ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள். கானாவின் தலைநகர் அக்ராவின் கடற்கரைத் தெருக்களில் பேரைச் சொன்னாலே இரட்டையர் என்று தெரிந்துவிடும். இரட்டையருக்கு அடுத்துப் பிறப்பவனுக்கு எந்த வீட்டிலும் தாவியா என்றுதான் பேர். அந்த வீட்டுத் தாவியா ஏழாம் மாதமே காய்ச்சலில் போய்விட்டான். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் மட்டும் பெட்டியில் கிடந்தது.

வெளிநாட்டு அணிகளுக்கு ஆள் பிடிக்க, அக்குவேட்டேவின் ஆட்டத்தைப் பார்க்க வந்த தரகன், "பத்தொன்பதா? முத்திப்போச்சேப்பா" என்று உதட்டைப் பிதுக்கினான். அப்பா பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை நீட்டினார். ஒரே நொடியில் மூன்று வயது குறைந்தது. பையன் தாவியாவாக பெல்ஜியத்துக்கு விமானம் ஏறினான். பாவி மனுஷன், ஒரு பிள்ளையைக் கரையேற்ற இரண்டு பிள்ளைகளின் பேரையும் தின்றுவிட்டார்! தெருவுக்கெல்லாம் தெரியும், தெருவே வாயைப் பொத்திக்கொண்டது. வெளியாளுக்குச் செத்தது அக்குவேட்டேதான்.

அவன் கோல் போட்டால் மைதானமே எழுந்து "தாவியா! தாவியா!" என்று அலறும். அத்தனை ஆயிரம் வாயில் ஒன்றாவது தன் பேரைச் சொல்லாதா என்று அவன் காது ஏங்கும். அக்வெலேகூடச் சொல்ல மாட்டாள். யார் காதிலாவது விழுந்துவிடும் என்று, தொலைபேசியிலும் தாவியாவைக் கூப்பிடுவதுபோலத் தம்பிதான்.

ஆகஸ்டில் இரட்டையர் விருந்து வரும். வள்ளிக்கிழங்கு மசியல், செம்பனை எண்ணெய், மேலே இரண்டு அவித்த முட்டை. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். தாவியாவுக்கு அந்தத் தட்டில் இடமில்லை; அக்வெலே தனியாகவே உட்காருவாள்.

"உன் முட்டையையும் நானே முழுங்கிட்டேன், தம்பி."

"நல்லா இருந்துச்சா?"

"தொண்டைய அடைச்சுது."

இந்த வருஷம் முழங்கால் போய், ஆட்டத்தை விட்டு ஊரோடு வந்துவிட்டான். சின்னப் பையன்களின் தேசிய அணிக்குப் பயிற்சியாளர் வேலை, திங்கட்கிழமை கையெழுத்து. விருந்து அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை.

குடும்ப வீட்டு வாசலில் கூட்டத்தோடு நின்றான். பத்திருபது கைபேசிகள் அவனையே படம் பிடித்தன. உள்ளே வெள்ளைத் துணியில் அக்வெலே. பெரிய அத்தை தட்டை வைத்து வழக்கம்போலக் கேட்டாள்: "கூடப் பொறந்தவன் எங்க?"

"வரல" என்றாள் அக்வெலே, வழக்கம்போல.

அவன் வாசற்படியைத் தாண்டினான்.

"தம்பி, வேணாம்" என்றாள் பதறி. "திங்கக்கிழமைய நெனச்சுப் பாரு. அங்கயே நில்லு."

"இருபது வருஷமா நின்னாச்சுடி. போதும்."

வீங்கிய காலை நீட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அத்தை மறுபடி கேட்டாள். "இங்க இருக்கேன்" என்றான்.

"அடடா, தாவியாவுக்கு மூணு வயசு ஏறிப்போச்சுடோய்!" என்று வாசலில் எவனோ கத்தினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்போடு திங்கட்கிழமை வேலையும் போயிற்று என்று அவனுக்குத் தெரியும்.

அக்வெலே அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். முட்டையை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

"ஒத்த ஆளா உக்கார வெச்சுட்டியேடா, அக்குவேட்டே!" என்று அழுதாள்.

அவனால் மெல்ல முடியவில்லை.

"இன்னொரு தரம் கூப்பிடுடி" என்றான்.