காந்தச் சொற்களை விழுங்கிய கவிஞர்

‘விடியல்’ என்ற சொல்லை விழுங்கிய மறுநாள் காலை, தையற்காரியின் கணவர் குளியலறை இரும்புக் கதவில் வயிற்றோடு ஒட்டிக்கொண்டார். அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிட்டு, பாதியில் விட்ட பாவாடையைத் தைக்கப் போனாள். காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டுக் கவிஞரானவருக்கு இதுவும் நடக்கும், இன்னமும் நடக்கும் என்றுதான் நினைத்தாள்.

கவிதை எழுத அவருக்குச் சோம்பல், அடுக்கத்தான் ஆசை. பழைய விளம்பரக் காந்தத் தகடுகளின் மேல் அச்சடித்த சொற்களை ஒட்டி, துண்டு துண்டாக வெட்டி, ஃப்ரிட்ஜ் கதவில் வரிசைப்படுத்துவார். வெட்டியது அவளுடைய துணிக் கத்தரிக்கோலால். அது மழுங்கிப்போனதை அவள் மன்னிக்கவே இல்லை. நிலவு, ஆன்மா, மௌனம், பிரபஞ்சம் என்று கனத்த சொற்களாகவே வெட்டினார். ‘வா’, ‘போ’ எல்லாம் சில்லறை, கவிதைக்கு ஆகாது என்பது அவர் கட்சி. துண்டுகளை உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்தபோது தும்மல் வந்து ‘விடியல்’ உள்ளே போனது. தானாக வெளியே வந்துவிடும் என்றார் மருத்துவர். வரவில்லை. வாயைத் திறந்தால் விடியல், விடியல் என்றுதான் வந்தது. கவிஞருக்கு இது பிடித்துப்போய், மற்ற சொற்களையும் வெந்நீரோடு விழுங்கினார். அவை வயிற்றுக்குள் தாமாகவே இடம் மாறி அடுக்கிக்கொண்டு, வாய்வழியே கவிதையாக வந்தன. மாலைதோறும் நண்பர்கள் வந்து, கண்ணை மூடித் தலையாட்டி, அவள் போட்ட தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் ஒரு வரிகூடப் புரியவில்லை. அதனாலேயே மறுநாளும் வந்தார்கள்.

வேறெதையும் பேச அவரால் முடியாமல் போனது. பால் வாங்கியாயிற்றா என்றால் ‘நிலவு மௌனம்’ என்பார். ஒருநாள் தையல் மெஷின் ஊசி அவள் விரலில் இறங்கி, நகத்தைத் துளைத்து நின்றது. கவிஞர் ஓடிவந்தார். என்ன ஆயிற்று என்று கேட்க வாயைத் திறந்தார். வந்ததென்னவோ ‘ஆன்மா பிரபஞ்சம்’தான்.

“வாய மூடிட்டு சக்கரத்தத் திருப்புங்க,” என்றாள்.

திருப்பினார்; ஊசி மேலேறி விரலை விட்டது. அன்று மாலை வந்த நண்பர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, கட்டுப் போட்ட கையோடு, மிஞ்சிய தகட்டில் அவளே எழுதி வெட்டினாள்: வலிக்குதா, கழுவறேன், வாங்கிட்டேன், சரி. வாழைப்பழத்துக்குள் செருகி நீட்டினாள். என்ன ஏதென்று கேட்காமல் அவர் தின்றார். கேட்கத்தான் சொல் இல்லையே. காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவர், அவள் விரலைப் பார்த்து, “வலிக்குதா?” என்றார்.

“இப்பதான் கேக்கத் தோணுச்சா?” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பழைய அலுவலகமே அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பேருந்துக் கம்பியில் ஒட்டிக்கொண்டால் நடத்துநர் பிரித்துவிடுகிறார். ஏப்பம் வந்தால் மட்டும் ‘பிரபஞ்சம்’ எட்டிப் பார்க்கும்; யாரும் பொருட்படுத்துவதில்லை. தேவைப்படும் சொற்களை அவள் அவ்வப்போது வெட்டிக் கொடுக்கிறாள். ‘நான்’ மட்டும் இன்றுவரை வெட்டவில்லை. அது இல்லாமலே வீடு நன்றாக நடக்கிறது.