கம்பளிக்குத் தலைமாடு

கம்பளியின் இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டிருந்தாள் மாரித்தாய். தேங்காயெண்ணெய் வாடை எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதுதான் மகன் பெரியமுத்துவின் தலைமாடு. பட்டாளத்துக்குப் போகுமுன் அவன் போர்த்திப் படுத்த கம்பளி. காலையில் தேவிகுளம் தபாலாபீசிலிருந்து தந்தி வந்தது. வங்காள எல்லையில் செத்துப்போனான். உடம்பு வராதாம்.

உடம்பில்லாத சாவுக்கு முறை சொல்ல அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஆளில்லை. கம்பளியை விரித்தார்கள். வாடை அடித்த முனையில் அவள் விளக்கேற்றி வைத்தாள்.

பொழுது சாயும்போது கங்காணி சூசையப்பன் வந்தார். போர் மூண்ட அன்றே தோட்டத்துக்கு ஒரு பாதுகாப்புக் கமிட்டி அமைத்து, தன்னையே தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டவர். கையில் கமிட்டிப் பட்டை, கழுத்தில் விசில். இந்த மலையில் குண்டு போடத் தேயிலைச் செடியைத் தவிர எதுவுமில்லை என்பது எதிரிக்குக்கூடத் தெரிந்திருந்தது, கமிட்டிக்குத்தான் தெரியவில்லை.

"பெரியமுத்து நம்ம தோட்டத்துக்கே குன்றிலிட்ட விளக்கு!" என்று வாசலில் நின்று முழங்கியவர், அடுத்த மூச்சில் உள்ளே கை நீட்டினார்.

"அத அணை தாயி. இருட்டுனா வெளிச்சம் தெரியப்படாது. பிளேன்காரன் கண்ணுல பட்டா லயமே சாம்பலு."

"தலமாட்டு வெளக்கு கங்காணியய்யா. பதினாறு வரைக்கும் அணையப்படாதுல்லா."

"நாடு பெருசா, வெளக்கு பெருசா? வீரனப் பெத்தவ பேசுத பேச்சா இது?"

"புள்ளயக் குடுத்தாச்சு. வெளக்குமா கேக்கு ஒங்க நாடு?"

பதிலுக்கு விசில் ஊதினார். மாரித்தாயின் புருஷன் சங்கையாவுக்கு வேலைக்குக் கூப்பிடும் அந்த விசிலுக்கு முப்பது வருஷமாக எழுந்து பழகிய உடம்பு, எழுந்துவிட்டது. சோற்றுப்பானையை எடுத்துவந்து விளக்கின்மேல் கவிழ்த்தான். காற்றுப் போக விளிம்புக்குக் கீழே ஒரு கல்லை முட்டுக் கொடுத்தான்.

"அணையல புள்ள," என்றான் மெதுவாக. "உள்ளதான் இருக்கான்."

மறுநாள் சாயங்காலம் ரேடியோ சொன்னது: போர் முடிந்தது, ஜெயித்துவிட்டோம். நேற்று விளக்கணைக்க ஊதிய அதே விசில் இன்று விளக்கேற்ற ஊதியது. வாசலுக்கு வாசல் அகல். மேனேஜர் துரை பங்களாவிலிருந்து கூடையில் மிட்டாய். துரையை முன்னால் விட்டு, கங்காணி கூட்டத்தோடு வந்தார்.

"தாயி, வெளிய வாங்க! பெரியமுத்து ஜெயிச்சுட்டாம்லா! ஒங்க வெளக்குதான் மொத வெளக்கு. வாசல்ல கொண்டாந்து வைங்க, தொர பாக்கணும்ங்காக."

நேற்று 'அணை' என்ற வாய்க்கு இன்று 'வாங்க' வந்துவிட்டது.

மாரித்தாய் கதவைச் சாத்தினாள். விடிந்ததிலிருந்து திறந்து எரிந்துகொண்டிருந்த விளக்கின்மேல் பானையைக் கவிழ்த்தாள். சங்கையா கல்லை எடுத்துக் கொடுத்தான்.

வெளியே வெடி வெடித்தது. யாரோ, "சத்தமாச் சொல்லுங்கலே!" என்று பிள்ளைகளை அதட்டினார்கள். கோஷம் கிளம்பி, மிட்டாய்ச் சண்டையில் கலைந்தது.

இருட்டில் அவள் பானையின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். மெல்லச் சூடு ஏறியது. சுட்டது. கையை எடுக்கவில்லை.