ஜீவமணி சொன்ன சாட்சி

ஜீவமணிக்குப் பிறந்த ஊர் நாசரேத், வாக்கப்பட்டது முத்தையாபுரம். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கிளியரிங் ஆபீஸில் பதினாறு வருஷமாக டாக்குமெண்ட் பார்க்கிறாள். போன மாசம் அந்த ஆபீஸைச் சென்னைக்காரர்கள் வாங்கினார்கள். டாக்குமெண்டுக்கு இனி ஒரு ஆள் போதும் என்றுவிட்டார்கள். இருப்பதோ இரண்டு பேர், இவளும், வந்து இரண்டு வருஷமே ஆன ஜெஃப்ரியும். மேனேஜர் லிங்கராஜ் கூப்பிட்டுப் பேசி முடிவு செய்வார். நாற்பத்தாறு வயதில் வேறு எவன் வேலை தருவான்? அந்தப் பயத்தில் மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை தெரியாதவளாக இருந்தாலாவது மனசு ஆறும். போன மாசம் ஜெஃப்ரி மேஜையைத் தாண்டி டீ எடுக்கப் போனவள், போகிற போக்கில் அவன் பேப்பரைப் பார்த்து, "எய்யா, மைனஸ் எங்க?" என்றாள். உறைந்த இறால் ஏற்றிய கன்டெய்னர் பெட்டிக்கு மைனஸ் பதினெட்டு டிகிரி போட வேண்டும். அவன் வெறும் பதினெட்டு என்று அடித்திருந்தான். அப்படியே போயிருந்தால் பெட்டி முழுக்க நாறியிருக்கும். ஜெஃப்ரி பதறிப்போய், பெட்டி நிற்கிற யார்டுக்குப் போன் போட்டுத் திருத்தினான். இவள் டீயைக் குடித்துவிட்டு அதை மறந்தே போனாள். இந்த மாதிரித் தப்பு எல்லார் கண்ணுக்கும்தானே தெரியும் என்று நினைப்பு, பைத்தியக்காரிக்கு!

"ஜீவமணியக்கா, உங்ககிட்ட உள்ள திறமை என்னன்னு மனசு விட்டுச் சொல்லுங்க" என்றார் லிங்கராஜ், தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு.

இப்படி யாராவது எழுப்பிவிட்டுச் சொல்லச் சொன்னால் ஜீவமணிக்குத் தெரிந்தது ஒன்றுதான். வேதக் கோயிலில் பெண்கள் சங்கத்தில் சாட்சி சொல்வது, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் சொல்வது. அங்கே 'நான்' என்ற வார்த்தை வாயில் வந்துவிட்டால் போச்சு, "அவளுக்கு ரொம்பத்தான் மேட்டிமை" என்று பின்பெஞ்சில் முணுமுணுப்பார்கள். சின்ன வயசிலிருந்தே அவள் நன்றாகச் சாட்சி சொல்லுவாள்.

"என்கிட்ட ஒண்ணுமே இல்ல சார். வெறும் மண்ணு. இம்மட்டும் நடத்துனது கர்த்தரோட கிருபை." தங்குதடையில்லாமல் வந்தது.

லிங்கராஜ் நல்ல மனுஷன். அவருக்கே பொறுக்கவில்லை. "அந்த இறால் பெட்டி? ஜெஃப்ரி தான் சரி பண்ணுனதாச் சொல்லுதான். நீங்களும் பக்கத்துல இருந்தியளாமே?"

இதைவிட எப்படி எடுத்துக் கொடுப்பார் ஒரு மனுஷன்! 'நான்தான் பாத்தேன்' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மீன் முள் மாதிரி அங்கேயே நின்றுகொண்டது.

"எல்லாரும் சேந்துதான் சார் பாத்தோம். ஜெஃப்ரி தங்கமான பய. ஆண்டவர் அவனுக்கு நல்ல புத்தியக் குடுத்துருக்காரு."

லிங்கராஜ் பெருமூச்சு விட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அவள் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். இந்த மாசத்தோடு சரி. கூடவே ஒரு நற்சான்று இருந்தது. 'நேரம் தவறாதவர், பணிவானவர்.' பதினாறு வருஷத்துக்கு அவ்வளவுதான். அடுத்த வரி இருக்குமென்று தாளைத் திருப்பிப் பார்த்தாள். இல்லை.

"சார்..." என்று தாளை நீட்டினாள். "அந்த மைனஸ் விட்டுப்போனத நான்தான் சார் பாத்தேன். நான்தான். நான் சொல்லித்தான் ஜெஃப்ரிக்கே தெரியும்."

லிங்கராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, நேத்தே சொல்லியிருக்கக் கூடாதாக்கா? லிஸ்ட்டு காலைலயே சென்னைக்குப் போயிட்டு. இப்பச் சொன்னா, வேலை போன ஆத்திரத்துல சின்னப் பையன் மேல பழி போடுதியன்னுல்லா நெனப்பாங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெஃப்ரி தலை குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தான். ஜீவமணிக்கு, திருடப் போய் மாட்டிக்கொண்டவள் மாதிரி வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கிடுங்க சார்" என்றாள். "தெரியாமச் சொல்லிட்டேன்."